அறுபத்தோராவது இரவு

வைல் அம் ரைனில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்,
ஃபிராவ் டோர்ஃப்லிங்கர் என் இரவுகளை எண்ணுகிறார்,
பென்சிலின் பின்முனையால்.
பகல்கள் அவருக்கு வேண்டாம்.
பகலெல்லாம் பாசலில்தான்; எட்டாம் நம்பர் டிராமுக்கே தெரியும்.
எங்கே படுத்தேன் என்பதுதான் கேள்வி.
அம்மாகூட இவ்வளவு துருவியதில்லை.

சூரிக்கில் நான்கு. ஜெனீவாவில், தணிக்கைக்கு, ஒன்பது.
கோபன்ஹேகனில் பதினொன்று
(ஒன்றில் பனி, விமானம் எழவில்லை;
பனியும் வேலை நிமித்தமே என்று குறித்துக்கொள்கிறார்).
பாஸ்டனில் பதினான்கு.
ஹைதராபாத்தில், ஆய்வுக்கூடத்து விருந்தினர் அறையில், இருபத்திரண்டு.
அங்கிருந்து கோவைக்கு ஒன்றரை மணி நேரம் பறந்தால் போதும்.
போயிருந்தால் அது விடுப்பு. கணக்கில் ஏறாது.
போகவில்லை.

“அறுபது” என்றார்.
“அறுபதைத் தாண்டினால் உங்கள் சம்பளத்தின் வரி சுவிட்சர்லாந்துக்கு.
தாண்டாவிட்டால் எங்களுக்கு.”
எங்களுக்கு என்றபோது கொஞ்சம் வருத்தப்பட்டார், நல்ல மனுஷி.
வித்தியாசம் பதினோராயிரத்துச் சொச்சம் யூரோ.
எந்த ஓட்டலிலும்
ஓர் இரவுக்கு இவ்வளவு கொடுத்து நான் படுத்ததில்லை.

மதம் என்ற கட்டத்தைத் தாண்டினோம்
(இல்லை என்று போடுங்கள், இல்லையேல் தேவாலயமும் கை நீட்டும்).
கோவை ஃபிளாட்டின் வாடகையைத் தாண்டினோம்.
பிறகு உறையின் அடியிலிருந்து ஒரு ரசீதை எடுத்து நிமிர்த்தினார்.

“மார்ச் பதினான்கு. பாசல், ரயில் நிலையத்துக்கு எதிரே.
ஒரு நபர். காலை உணவு இல்லை.
இது வேலை நிமித்தமா?”

அன்று ஏழரைக்கு டிராம் ஏறினேன்.
எல்லை தாண்டியது. இறங்கினேன்.
நிறுத்தத்திலிருந்து எங்கள் சமையலறை விளக்கு தெரியும்.
பரிதி அரிசி களைந்துகொண்டிருந்தான்,
தண்ணீரை வடித்து, மறுபடி நிரப்பி, வடித்து,
யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல அவ்வளவு கவனமாக.
சண்டை ஒன்றுமில்லை.
சண்டை என்றால் அதற்கொரு தேதியாவது இருந்திருக்கும்.
எதிர்ப்புறம் வந்த டிராமில் ஏறிவிட்டேன்.
நான்கு நிமிடம் ஜெர்மனியில் இருந்திருப்பேன்.
அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

ஓட்டலிலிருந்து அவனுக்குச் செய்தி அனுப்பினேன்:
சர்வர் மாற்றுகிறார்கள், விடிய விடிய வேலை.

ஆக, பொய் ஏற்கெனவே தயார்.
புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை;
பழையதையே இன்னொரு முறை, ஜெர்மன் மொழியில்.
மேலாளர் நான் நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்திடுவார்.
பதினோராயிரம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ரைனும் ஆறுதான்.

பென்சில் காத்திருந்தது.
கீழே மருந்துக்கடையின் கதவுமணி இரண்டு தடவை அடித்தது.
“இல்லை” என்றேன். “அது என் சொந்த இரவு.”
ஃபிராவ் டோர்ஃப்லிங்கர் ரசீதை மடித்து
என்னிடமே கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை.
கேட்க வேண்டியதை அரசாங்கம் கேட்டுவிட்டது.

கணவன், மனைவி, இருவரும் ஒப்பமிட வேண்டும்.
ராத்திரி சாப்பாட்டு மேசையில் பரிதி ஒவ்வொரு தாளாகப் புரட்டினான்.
அவன் எதையும் முழுதாகப் படிக்கிறவன்,
ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைக்கூட.
ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது.

“அறுபத்தொன்று இல்லையா?”

அவனும் எண்ணியிருக்கிறான்.
யாரும் கேட்காமல், படிவம் இல்லாமல்,
ஆண்டு முழுவதும்.

“அறுபதுதான்” என்றேன்.

பேனாவின் மூடியைக் கழற்றினான். உடனே எழுதவில்லை.
குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.
நாங்கள் நான்கு விசிலுக்கு வைக்கிறவர்கள்.
இருவரும் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.